குற்றாலத்துக் கூட்டமும் அடிவாரத்துக் கணக்கும்

தென்காசி மாவட்டத்துக்குக் காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் மிகக் குறைவு. குளிக்க வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கத் தொடங்கியதும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வேன்கள் புறப்பட்டுவிடும். செப்டம்பரில் சாரல் ஓயும் வரை குற்றாலத்தில் லாட்ஜ் அறைக்கும் பரோட்டாக் கடை நாற்காலிக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் தலையை நீட்டி நிற்கும் பேரருவிப் பாறைக்குப் பின்னால் உயர்ந்து போகிற மலை, 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர். அதற்குத் தெற்கே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வடக்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். மேற்கே மலையின் அந்தப் பக்கம் கேரளத்தின் செந்துருணிச் சரணாலயம். இரண்டு புலிகள் காப்பகங்களை இணைக்கிற காட்டின் வாசலில் நின்றுதான் நாம் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு நேந்திரம் சிப்ஸ் வாங்குகிறோம்.

பொறுப்பாக நடத்தப்படும் காட்டுயிர்ச் சுற்றுலா காட்டையும் காப்பாற்றும், பக்கத்து ஊர்களையும் வாழ வைக்கும் என்று அரசு ஆவணங்கள் சொல்கின்றன, சுற்றுலா நிறுவனங்களும் சொல்கின்றன. அது பாதி உண்மை என்பதே என் முடிவு. காட்டைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் காசு, காட்டோடு வாழ்வதால் இழப்பைச் சுமக்கிறவர் கைக்குப் போய்ச் சேர்கிற இடங்களில் அது நடந்திருக்கிறது. சேராத இடங்களில் ‘பொறுப்பு’ என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. குற்றாலத்தில் சுற்றுலாவுக்குக் குறைவில்லை. அதன் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி.

மலை யாருடையது, அருவி யாருடையது

குற்றாலத்தின் நிர்வாகத்தைப் புரிந்துகொள்வது அத்தனை எளிதில்லை. பேரருவியும் அதைச் சுற்றிய கடைவீதியும் பேரூராட்சிக்கும் குற்றாலநாதர் கோயிலுக்கும் இடையே கிடக்கின்றன. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சிப் பக்கம். பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் வளாகத்துக்குள். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறைக்குள். மேலேயிருந்து கீழே வரும் தண்ணீர் ஒன்றுதான். அது தாண்டி வரும் கைகள் நான்கைந்து. சீசன் கடை ஏலம், வாகன நிறுத்தக் கட்டணம், விடுதி வாடகை, நுழைவுச்சீட்டு என்று வருமானமும் அப்படியே பிரிந்து போகிறது. அந்த அருவிக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிற சோலைக்காட்டின் பெயரில் இந்தக் கணக்குகளில் ஒரு வரவு வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உருவாகவே இல்லை.

காடு இல்லாவிட்டால் அருவி இல்லை என்பது மேடைப் பேச்சாகத் தேய்ந்துவிட்டது. ஆனால் அதன் பொருளாதாரப் பொருள் கூர்மையானது. சிற்றாறு இந்த மலையில் பிறந்து, தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மலையில் மரம் நிற்பதால் பயன் பெறுகிறவர்கள் லாட்ஜ்காரர்கள் மட்டுமல்ல, எண்பது கிலோமீட்டர் தூரத்துக்குச் சிற்றாற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் அத்தனை விவசாயிகளும். எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் அருவியில் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டதன் நியாயமும் இதுதான். தடை வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. அருவிக்கரைக் கடைகளில் ஷாம்பு பாக்கெட் தொங்கிக்கொண்டுதான் இருந்தது என்பதை அங்கே போய் வந்த யாரும் சொல்வார்கள்.

இந்த மலை வெளியூர்க்காரர்களின் கவனத்துக்கு முதலில் வந்தது குளியலால் மட்டும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வைத்து வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். மங்குஸ்தானும் துரியனும் இன்றும் குற்றாலத்துப் பழக்கடைகளில் சீசன் சரக்காக இருப்பதற்கு அந்தக் காலத்து வேர் உண்டு. 1830-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பு மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குரங்கும் பறவையும் அருவியும் மனிதர்களோடு சரிசமமாக வருகின்றன. அதில் வரும் சிங்கன் பறவை பிடிக்கிற வேடன். மலையின் உயிர்களை அறிந்தவன் அந்த மலைக்காரன்தான் என்பதை அந்தப் புலவர் இயல்பாக எடுத்துக்கொண்டார். இன்றைய சுற்றுலாத் திட்டங்கள் அங்கே வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

குரங்குக்குப் பழம் கொடுப்பது

குற்றாலத்தில் சாதாரணப் பயணி சந்திக்கிற காட்டுயிர் ஒன்றே ஒன்று: நாட்டுக்குரங்கு. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. அழிவாய்ப்பு உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சேர்த்திருக்கிறது. கோயில் வாசலிலும் மலைப்பாதையிலும் எங்கு பார்த்தாலும் இருப்பதால் இந்தச் செய்தி பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். சாலையோரத்தில் கூட்டம் கூட்டமாகத் தெரிவது செழிப்பின் அடையாளம் இல்லை. காட்டுக்குள் அத்திப்பழமும் தளிரும் தேடி அலைந்து விதைகளைப் பரப்ப வேண்டிய விலங்கு, முறுக்குப் பொட்டலத்துக்காக வேன் ஜன்னலில் தொங்குகிறது. வண்டியில் அடிபடுகிறது. கை நீட்டிய குழந்தையைக் கடிக்கிறது. பிறகு அதே குரங்கைப் பிடித்துக் கொண்டுபோய் வேறு மலையில் விடச் சொல்லி மனு போகிறது.

பழம் கொடுக்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. அது புண்ணியம் என்று பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால் அபராதப் பலகை மட்டும் இங்கே வேலை செய்யாது. அருவிப் பாதையில் நாள் முழுக்க நின்று ‘கொடுக்காதீங்கம்மா’ என்று சொல்லி, ஏன் என்பதையும் இரண்டு வரியில் விளக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அருவிக்கரையில் வசூலாகும் பணத்தில் அப்படிப்பட்ட இருபது பேருக்குக் கூலி கொடுப்பது பெரிய செலவே இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அது சீசன் வேலையாக அமையும். பொறுப்பான சுற்றுலாவின் முதல் படி இவ்வளவு சின்னதாக இருக்கலாம். ஆனால் இதுவும் நடக்கவில்லை.

நாட்டுக்குரங்குக்கு மேலே, உள்காட்டில், கருமந்தி இருக்கிறது, மலையணில் இருக்கிறது, இருவாச்சி இருக்கிறது. தெற்கே களக்காடு மலையில் சிங்கவால் குரங்கும் வரையாடும் இருக்கின்றன. அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற நூறு பேரில் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம்.

இழப்பைச் சுமக்கிறவர்கள்

பண்பொழி, வடகரை, மேக்கரை, அச்சன்புதூர் பக்கம் போனால் கதை மாறுகிறது. அங்கே யானை, பார்க்கப் போகிற பொருள் இல்லை. இரவில் தோப்புக்கு வருகிற பொருள். தென்னங்கன்றின் குருத்தை உரித்துத் தின்கிறது. வாழையைச் சாய்க்கிறது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயலில் இறங்குகிறது. பத்து வருடம் வளர்த்த தென்னை ஒரே இரவில் விழுந்தால் அரசு கொடுக்கும் நிவாரணம் அதன் விளைச்சலை ஈடுகட்டுவதில்லை. அதை வாங்குவதற்கும் மனு, புகைப்படம், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று நடக்க வேண்டும். காட்டுப்பன்றி தினசரித் தொல்லை. கடையம் பக்கம் 2022 நவம்பரில் ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. சாலையில் போன மசாலா வியாபாரியும் அவரைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் அகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், கேரளத்தின் சின்னக்கானல் பக்கம் பெயர்போன அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள் புகுந்து, பிடிபட்டு, களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்கோதையாறு காட்டில் விடப்பட்டபோது, அடிவார மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது: எல்லா யானையும் எங்கள் பக்கம்தான் வர வேண்டுமா?

அகத்தியர்மலை யானைகள் காப்பகம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 1,197 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது யானைகள் காப்பகம். அறிவிப்பு நல்லது, தேவையானது. ஆனால் அறிவிப்பால் வருகிற பெருமை சென்னைக்கும், சுற்றுலாவால் வருகிற காசு குற்றாலக் கடைவீதிக்கும், யானை மட்டும் வடகரைக்கும் போனால், வடகரைக்காரர் காட்டை எதிரியாகப் பார்ப்பதில் வியப்பில்லை. மின்வேலியில் கள்ளத்தனமாக உயர் அழுத்தம் கொடுக்கும் ஊர்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். காட்டுயிர்ச் சுற்றுலாவால் பாதுகாப்புக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது. பயணியின் மனம் மாறுவதைவிட, பக்கத்துத் தோட்டக்காரரின் மனம் மாறுவதுதான் யானையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலை ஏறி இறங்கினால் ஆரியங்காவு. அங்கே பாலருவி. முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அந்த அருவி நம் குற்றாலத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆனால் அங்கே வண்டியை அருவி வரை ஓட்டிப் போக முடியாது. நெடுஞ்சாலையோரத்தில் நிறுத்திவிட்டு, நுழைவுச்சீட்டு வாங்கி, வனத்துறை ஏற்பாடு செய்திருக்கும் பேருந்தில் சுமார் நான்கு கிலோமீட்டர் காட்டுக்குள் போக வேண்டும். நடத்துகிறவர்கள் உள்ளூர்க்காரர்களை உறுப்பினர்களாகக் கொண்ட வனப் பாதுகாப்புக் குழுவினர். சீட்டுக் கொடுப்பதும் பையைச் சோதிப்பதும் அருவியில் காவல் நிற்பதும் அவர்களே. சாயங்காலம் மணி அடித்தால் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். இன்னும் சற்றுக் கீழே தென்மலையில் 1990-களின் கடைசியிலேயே, இந்தியாவின் முதல் திட்டமிட்ட சூழல் சுற்றுலாத் தலம் என்ற பெயரோடு, செந்துருணிக் காட்டை ஒட்டி ஓர் ஏற்பாடு தொடங்கியது. அதன் சாகச விளையாட்டுகளும் இசை நீரூற்றும் எனக்குப் பிடித்தவை அல்ல. காட்டுக்குப் பக்கத்தில் பாட்டுப் போடும் நீரூற்று எதற்கு? ஆனாலும் அடிப்படை ஏற்பாடு சரியாக இருந்தது: கூட்டத்தைக் காட்டின் ஓரத்திலேயே நிறுத்தி, உள்ளே சிறு சிறு குழுவாக மட்டும் அனுப்புவது.

குற்றாலத்தில் வருகிற கூட்டம் பாலருவியைவிடப் பல மடங்கு. அதே முறையை அப்படியே எடுத்து வைக்க முடியாது. பேரருவியும் ஐந்தருவியும் ஊரோடு கலந்துவிட்டவை. அவற்றுக்கு நுழைவுச்சீட்டும் பேருந்தும் என்றால் ஏழைக் குடும்பத்தின் ஆண்டுக்கொரு குளியல் பறிபோகும். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் பழைய குற்றாலத்துக்கும் செண்பகாதேவிக்கும் பாலருவியின் பாடம் பொருந்தும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. மலைக்கு மேலே மழை பெய்வது கீழே குளிக்கிறவருக்குத் தெரிவதில்லை. அதற்குப் பிறகு அந்த அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் வனத்துறைக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே இழுபறி எழுந்தது. வனத்துறை கைக்குப் போனால் பிழைப்புக்கு வேலி விழும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். பாலருவியில் வனத்துறையும் இருக்கிறது, உள்ளூர்க்காரர் பிழைப்பும் இருக்கிறது. ‘துறையா, மக்களா’ என்று பிரித்துக் கேட்பதே தவறான கேள்வி.

பெரியாறு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தேக்கடி மலையில் வயணை என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திய ஒரு குழு இருந்தது. காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் வனத்துறையிலேயே இல்லை. 1996-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது அவர்கள் கடத்தலைக் கைவிட்டு வர, அவர்களையே வழிகாட்டிகளாக்கி 1998-ல் ‘டைகர் டிரெயில்’ என்ற நடைப்பயணம் தொடங்கப்பட்டது. பயணி அவர்களோடு காட்டில் தங்குகிறார். அவர்கள் நடப்பதே ரோந்தாகவும் ஆகிறது. மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளானார்கள். 2002-லிருந்து குமுளிப் பக்கத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் சம்பளம் வாங்காமல் பகலில் காட்டைக் காவல் செய்தார்கள். சந்தனம் போய்விடக் கூடாது என்பதற்காக அவர்கள் நடந்தார்கள். காடு இருந்தால்தான் தங்கள் வீட்டில் சம்பாத்தியம் இருக்கும் என்பது தெரிந்தபின் வந்த நடை அது. இந்தத் திட்டங்களிலும் பிழைகள் உண்டு. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு பயன் போகவில்லை. உலக வங்கிப் பணம் நின்றபின் தள்ளாடிய குழுக்களும் உண்டு. இருந்தும், கடத்தினவர் காவலராக மாறியது நடந்த கதை.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக உருவான களக்காடு–முண்டந்துறையில் 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுப் பணி நடந்தது. கடையம் முதல் களக்காடு வரை அடிவாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. விறகுச் சுமைக்காகத் தினமும் மலை ஏறிய பெண்களுக்குச் சுழல்நிதிக் கடனும் எரிவாயு அடுப்பும் மாற்றுத் தொழிலும் கிடைத்தன. தலைச்சுமை விறகு குறைந்தது. இதில் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கில்லை. திட்டம் முடிந்தபின் பல குழுக்களுக்குத் தொடர்ந்து வருமானம் தருகிற ஏற்பாடு அமையவில்லை என்பதும் அதனாலேயே. காட்டுயிர்ச் சுற்றுலா அந்த இடத்தை நிரப்பக்கூடிய ஒன்று; இருபது வருடமாக நிரப்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க 2017 முதல் ஓர் ஆளுக்கு 1,500 டாலர். பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் பத்து விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்கு என்று அந்த அரசு விதி வைத்திருக்கிறது. பத்து போதாது என்று அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் சண்டை போட ஒரு எண் இருக்கிறது. தென்காசியில் அந்த எண் பூச்சியமா, அரையா என்று கேட்கக்கூட ஒரு தாள் இல்லை.

உள்ளே திறப்பதா?

காட்டுயிர்ச் சுற்றுலா என்றதும் பலர் மனதில் எழுவது ஜீப் சவாரி. தேனருவி வரை சாலை போடு, செண்பகாதேவிக்கு ரோப்கார் வை என்ற பேச்சு குற்றாலத்தில் அவ்வப்போது கிளம்பும். இலங்கையின் யால பூங்காவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் நெரிசலில் நிற்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு தெரியும். இந்தியாவிலும் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை வந்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வெளியானபின் தடை விலகியது. மையப் பகுதியில் இருபது விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலா கூடாது, புதிதாக எதையும் அங்கே கட்டக் கூடாது, உள்ளூர் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பவை அந்த நெறிகளின் சாரம். அவை புலிகள் காப்பகத்துக்கு உரியவை. நெல்லை சரணாலயத்துக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றினால் நட்டமில்லை.

உள்ளே திறக்காமலே வெளியே கேடு நடப்பதும் உண்டு. மலையடிவாரத்தில் ஓடைகளைத் திருப்பி விருந்தினருக்குச் செயற்கை அருவி காட்டிய விடுதிகள் மீது 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட்டது.  காட்டின் நீரைக் களவாடி, காட்டைப் பார்க்கும் ஜன்னலுக்குக் கூடுதல் வாடகை வாங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கூட்டத்தைக் கட்டுப்படுத்தினால் மக்கள் கொதிப்பார்கள் என்ற அச்சமும் உண்மையில் மிகையானது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று லட்சக்கணக்கானோர் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறார்கள். முன்பெல்லாம் பல நாள் குடில் போட்டுத் தங்குவார்கள். மணிமுத்தாறில் களப்பணி மையம் வைத்திருக்கும் அட்ரீ என்ற ஆய்வு அமைப்பு அந்தத் திருவிழாவின் பாதிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. குப்பையும் தங்கும் நாளும் வாகனமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. தனியார் வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தி, அரசுப் பேருந்தில் அனுப்புகிறார்கள். முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. திருவிழா நின்றுவிடவில்லை. சாமி கும்பிட வருகிறவர் பொறுத்துக்கொண்டதைக் குளிக்க வருகிறவர் பொறுத்துக்கொள்ள மாட்டாரா?

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்கள் இணைய முன்பதிவோடு திறக்கப்பட்டன. குற்றாலம்–செண்பகாதேவித் தடமும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு குழுவுடனும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி போக வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வசூலான சுமார் 63 லட்சம் ரூபாயில் 49 லட்சத்துக்கு மேல் வழிகாட்டிகளுக்கே போனதாக அரசு அறிவித்தது. இந்தக் கட்டுரையில் நான் தேடுகிற விகிதம் இதுதான். தொகை சிறியது, மாநிலம் முழுதுக்குமான தொகை, குற்றாலத்தில் ஒரு சீசன் வார இறுதியில் சாப்பாட்டுக் கடைகளில் புரளும் பணத்தோடு ஒப்பிடத் தகாதது. ஆனால் பங்கு சரி.

அடிவாரத்தில் செய்ய வேண்டியது

தென்காசியின் காட்டுயிர்ச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம் மலைக்குள் இல்லை, மலைக்குக் கீழே இருக்கிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளும் அவற்றின் கீழ்க் குளங்களும் பறவைகள் நிறைந்தவை. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்களும் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். பறவை பார்க்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. குற்றாலத்தில் சாரல் சீசன் முடிந்து, ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் வடிந்து, அறைகள் காலியாகக் கிடக்கும் காலமும் அதுவே. விடுதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீசன் இல்லாத மாதங்களில் வருமானம், சீசன் மாதங்களில் அருவிமேல் சுமைக்குறைவு: இரண்டும் ஒரே காரியத்தால் நடக்கும்.

குளத்துப் பறவையை ஊரே காப்பாற்றிய கதை தாமிரபரணிக் கரையில் புதிதும் அல்ல. திருப்புடைமருதூர் கோயிலைச் சுற்றிய மரங்களில் கூடு கட்டும் கொக்குகளையும் நாரைகளையும் ஊர்க்காரர்கள் தாங்களாகவே பாதுகாத்தார்கள். 2005-ல் அந்த மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த இடம் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கூந்தங்குளத்திலும் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு இருந்தால் அதைக் கலைக்காத ஊர்வழக்கம் தலைமுறைகளாக உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் பயணிக்குத் தேநீரும் மதியச் சாப்பாடும் திண்ணையும் கொடுத்தால், கொடுத்த குடும்பத்துக்கு அதே நாளில் காசு கிடைக்கும். துறை வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் இதன் ஒரு வடிவம் திட்டம் எதுவும் இல்லாமலே நடக்கிறது. ‘ரோஜா’ படம் எடுத்த ஊர். சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் படம் எடுக்க வருகிறார்கள். முதலில் செடியை மிதித்தார்கள், விவசாயி திட்டினார். பிறகு சில தோட்டங்களில் வரப்பில் கயிறு கட்டிக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். எந்த நிபுணரும் வந்து சொல்லித்தரவில்லை. பார்க்கிற கண்ணுக்கு விலை உண்டு என்பதை விவசாயி தானே கண்டுகொண்டார்.

வழிகாட்டி வேலைக்கு முதல் உரிமை யாருக்கு என்பதிலும் குழப்பம் தேவையில்லை. வாசுதேவநல்லூர் தலையணைப் பக்கத்துப் பளியர் குடும்பங்கள் தேன் எடுத்தும் சிறு வனப்பொருள் சேகரித்தும் பிழைக்கிறவர்கள். காரையாற்றுப் பக்கம் காணிகள். அகத்தியர்மலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப் பச்சை மூலிகையிலிருந்து 1990-களில் மருந்து தயாரித்தபோது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று ஒப்பந்தமானது. அறிவுக்குப் பங்கு கொடுக்கலாம் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் நிகழ்வு நம் மலையில்தான் நடந்தது. பங்கு போய்ச் சேர்ந்த விதத்தில் சச்சரவுகள் எழுந்தன என்பதையும் சேர்த்தே அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். பழங்குடி வழிகாட்டியைச் சீருடை போட்டுப் பயணிக்கு முன்னால் நிறுத்துவது மட்டும் பங்கு ஆகாது. எத்தனை பேரை எந்தத் தடத்தில் விடலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி வேண்டும்.

யானை வரும் ஊர்களுக்கு வருவோம். வடகரையில் பயணியை யானை பார்க்க அழைத்துப் போகக் கூடாது. அது ஆபத்து, யானைக்கும் தொந்தரவு. அந்த ஊர்களுக்குச் சுற்றுலாவின் பயன் நேரடி வருமானமாகப் போக முடியாது, நிதியாகத்தான் போக முடியும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006 திருத்தம் புலிகள் காப்பகங்களுக்கு அறக்கட்டளை அமைத்து, நுழைவுக்கட்டணத்தை அங்கேயே செலவு செய்ய வழி வகுத்தது. அதே மாதிரியில் குற்றாலத்தின் வாகன நிறுத்தக் கட்டணம், கடை ஏலம், விடுதி உரிமம் ஆகியவற்றிலிருந்து ஒரு சிறு பங்கைப் பிரித்து அடிவார நிதி ஒன்றை மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைக்கலாம். யானை விரட்டும் குழுவுக்குக் கூலி, சோலார் வேலியின் பராமரிப்பு, அரசு நிவாரணம் வரும் வரை கொடுக்கும் முன்பணம், அருவிப் பாதைக் காவலர்களின் சம்பளம் எல்லாம் அதிலிருந்து போகட்டும். கார் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் எந்தப் பயணியும் குற்றாலத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்ள மாட்டார். பேர்போன பார்டர் பரோட்டாக் கடையில் ஒரு பரோட்டாவுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கிறோம்.

கொரோனா காலத்தில் 2020-லும் 2021-லும் சாரல் பெய்தது, அருவி கொட்டியது, குளிக்க யாரையும் விடவில்லை. இரண்டு சீசன் போனதில் கடைக்காரர்களும் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்களும் ஆட்டோக்காரர்களும் பட்ட பாடு தென்காசிக்குத் தெரியும். ஒரே அருவியை, ஒரே நாலு மாதத்தை நம்பி நிற்கும் பொருளாதாரம் எத்தனை மெலிந்தது என்பதை அது காட்டியது. அந்த அருவியும் மேலே இருக்கும் காட்டை நம்பி நிற்கிறது.

அடுத்த சாரலுக்கு முன் கடை ஏலமும் வாகன நிறுத்த ஏலமும் நடக்கும். அப்போது பேரூராட்சியும் கோயிலும் தோட்டக்கலைத் துறையும் வனத்துறையும் கடந்த சீசனில் தங்களுக்கு எவ்வளவு வந்தது, அதில் காட்டுக்கும் அடிவார ஊர்களுக்கும் எவ்வளவு போனது என்று ஒரே ஒரு தாளில் அச்சிட்டு, குற்றாலம் பேருந்து நிலையத்திலும் வடகரை ஊர்ச் சாவடியிலும் ஒட்ட வேண்டும். தென்காசி மாவட்டத்துக்காரர்கள் கிராமசபையில் அதைக் கேளுங்கள். இன்னும் ஒட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.